உருண்டைக்கு இடம் பழக்கிய ஐந்து வாரம்

ஜூன் 3, செவ்வாய்

மகள் இன்று காலை நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். ஐந்து வாரத்துக்கு. என்னிடம் விடவில்லை, மாடியில் அவள் அம்மாவிடம் விட்டாள். நான் கீழே கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "வரேம்ப்பா" என்றாள். "ம்" என்றேன். இரண்டு வருஷமாக எங்கள் பேச்சுவார்த்தை இந்த அளவில்தான்.

விவரத்தை மனைவி சொன்னாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்கேன் மெஷின் வருகிறதாம், பழகிக்கொண்டு வர வெளியூருக்கு அனுப்புகிறார்களாம். திரும்பியதும் புது வாடகை வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டுக்காரம்மா கறார். நாய் இருக்கலாம், ஆனால் வீட்டுக்குள் ஒன்றுக்கு இரண்டுக்குப் போகக் கூடாது. குட்டியை நேரில் பார்த்துவிட்டுத்தான் சாவி. அதற்குள் பழகாவிட்டால் குட்டி எங்கோ தொலைதூரத்தில் ஒரு பண்ணைக்குப் போய்விடும். மகளோடு வேலை செய்யும் நர்ஸின் அண்ணன் பண்ணை அது.

பத்து வாரக் குட்டி. தவிட்டு நிறம். பேர் உருண்டை, உடம்பும் அப்படித்தான். வந்த அரை மணியில் ஹாலில் மூன்று குளம் வெட்டியது.

ஜூன் 4

குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கடைசிப் படியில் மனைவிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மூன்று வாரம் கட்டு. மகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். குட்டிக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் இனி யார் இறங்குவது? வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

ஜூன் 5, வியாழன்

மகள் எழுதிய தாள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கீழே தூக்கிப் போகணும். தினமும் ஒரே இடத்தில் விடணும். போய் முடித்த உடனே ஒரு சின்னக் கோழித் துண்டு, கூடவே நல்ல வார்த்தை. 'உடனே' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, பேசாமல் துடைக்கணும்.

பேசாமல் துடைக்கணுமா. சைக்கிளில் பைப் கட்டி வீடு வீடாக விற்று, அதிலிருந்து இந்த சானிட்டரி கடையைப் போட்டவன் நான். என்னை யாரும் கோழித் துண்டு கொடுத்து வளர்க்கவில்லை.

சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மனைவி சொல்கிறாள்: "ஊருக்கெல்லாம் டாய்லெட் விக்கிறீங்க. ஒரு நாய்க்கு இடம் காட்டத் தெரியலையா?"

ஜூன் 6

தாளை விட்டுவிட்டு என் வழியில் போனேன். ஹாலில் மறுபடி குளம். பேப்பரைச் சுருட்டி அதன் மூக்குக்கு முன்னால் தரையில் ஓங்கி அடித்தேன். கத்தினேன். அது தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது, காது இரண்டும் பின்னால் போய்விட்டன.

"இப்ப திருப்தியா?" என்றாள் மனைவி. "நீங்க கத்தினா நானே கட்டிலுக்கு அடியில போயிடலாமான்னு பார்ப்பேன். அது பாவம், கையளவு."

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு நாளாக ஹாலில் ஒரு சொட்டு இல்லை. "பார்த்தியா, ரெண்டே நாள்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தாள்.

ஜூன் 9

அவள் எதை மோந்து பார்த்தாள் என்று இன்று தெரிந்தது. மகளின் பழைய அறை, கட்டிலுக்கு அடியில், சுவரோரம். டார்ச் அடித்து எண்ணினேன். ஏழு இடம்.

ஜூன் 10, செவ்வாய்

குட்டிக்குத் தடுப்பூசி. டாக்டருக்கு என் மகளைவிட வயது கம்மி. கட்டில் விஷயத்தைச் சொல்லி, "ரொம்பக் கள்ளத்தனம் டாக்டரம்மா இதுக்கு" என்றேன்.

"நீங்க கத்தினதுல அது என்ன கத்துக்கிச்சுன்னு நினைக்கிறீங்க சார்? வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னா? இல்ல. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு. கீழ கூட்டிட்டுப் போனாலும் உங்க முன்னாடி போகாதே, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். அரை மணி நேரம் கொல்லையில் நின்று, போகாமல், மாடிக்கு வந்ததும் ஓடிவிடும். பிடிவாதம் என்று நினைத்தேன்.

"பயம் சார்" என்று சொல்லி ஊசியைப் போட்டார். குட்டி என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பயப்படுவதும் என்னிடம், ஒளிவதும் என்னிடமா.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன், வேலை ஓடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மகள் இந்தக் கடையில்தான் இருந்தாள். எனக்குப் பிறகு அவள்தான் என்று போர்டு எழுதாத குறை. முக்கால் இன்ச் குழாய் கேட்ட பார்ட்டிக்கு அரை இன்ச் ஆர்டர் போட்டுவிட்டாள், இருநூற்று நாற்பது குழாய். பெட்டிகளைக் கிடங்கின் கடைசி வரிசையில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு போய்விட்டது. நான் கண்டுபிடித்த அன்று கடை நிறைய ஆள். கத்தினேன். தப்பு ஆர்டருக்குக்கூட அவ்வளவு இல்லை, மறைத்ததற்கு. 'திருட்டுத்தனம்' என்றேன். அவள் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, படித்த ஸ்கேன் வேலைக்கே போய்விட்டாள்.

ஏன் மறைத்தாள், ஏன் மறைத்தாள் என்று இரண்டு வருஷமாக எல்லோரையும் கேட்டிருக்கிறேன். அவளைத் தவிர.

நாய்க்குட்டியையும் மகளையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று தெரிந்தால் மனைவி எனக்குச் சோறு போட மாட்டாள். ஆனாலும் —

ஜூன் 12

தாளில் உள்ளபடி ஆரம்பித்தாயிற்று. முதல் வேலை அதன் பயத்தைப் போக்குவது. கொல்லைப்புறத்தில், விரிசல் விட்ட கமோடுகளைப் போட்டுவைத்திருக்கும் இடத்தில், தரையில் உட்கார்ந்தேன். பேசவில்லை, பார்க்கவில்லை. நாற்பது நிமிஷம். கால் மரத்துவிட்டது. அது ஒரு கமோடுக்குப் பின்னால் போய், எட்டிப் பார்த்து, என்ன தோன்றியதோ, வெளியே வந்து என் எதிரிலேயே போனது. கோழித் துண்டைக் கொடுத்தேன். நல்ல வார்த்தை சொல்லணுமே, வாயில் வரவில்லை. "சரி, நல்ல சரக்கு" என்றேன்.

வாலாட்டியது. சரக்குக்கும் வாலாட்டும் போலிருக்கிறது.

ஜூன் 13

வெளியே ஐந்து. உள்ளே ஒன்று, அது என் தப்பு, ஃபோன் பேசிக்கொண்டிருந்தேன். பேசாமல் துடைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

என் வியாபார புத்தி காலை வாரியது. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று கோழித் துண்டை முதலிலேயே எடுத்துக் காட்டினேன். அது என் கையையே பார்த்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டது. வந்த வேலையே மறந்துபோயிற்று. சரி, காட்டக் கூடாது. பாக்கெட்டில் ஒளித்துவைத்து, போக ஆரம்பித்ததுமே கொடுத்தேன். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: இரண்டு சொட்டு விடும், நிறுத்தும், வந்து வாங்கித் தின்னும். நாலடி தள்ளிப் போய் இன்னும் இரண்டு சொட்டு. மறுபடி வரும். ஒரே மூத்திரத்துக்கு ஆறு துண்டு. நாற்பது வருஷத்தில் என்னிடம் இவ்வளவு துணிச்சலாகத் தவணை போட்டவன் எவனும் கிடையாது.

மாடி ஜன்னலில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஆளைத் தெரிஞ்சுக்கிட்டுதான் பேரம் பேசுது!"

இனி முழுசாக முடித்து, நிமிர்ந்த பிறகுதான். அதற்கு முன் கை பாக்கெட் பக்கமே போகாது.

ஜூன் 19

வாஷ்பேசின் லோடு ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. இறக்கி முடித்ததும் டிரைவரிடம், "நல்லா கொண்டுவந்தே" என்றேன். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. பதினொரு வருஷமாக என்னிடம் இருப்பவன். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, வேலையை விட்டு அனுப்பப் போறீங்களா? நேரடியாவே சொல்லிடுங்க."

ஜூன் 24

மகள் தினமும் அம்மாவுக்கு ஃபோன் செய்வாள். இன்று மனைவி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா அது மேல கத்துறாராம்மா?"

"யாரு, அவரா? கொல்லையில நின்னு 'என் ராஜா, என் தங்கம்'னு கொஞ்சிட்டிருக்கார். பைப் வாங்க வந்தவங்க பயந்து ஓடுறாங்க."

"அவரா கூட்டிட்டுப் போறார்? நீ என்ன பண்றே?"

கால் கட்டு விஷயம் வெளியே வந்துவிட்டது. அம்மாவுக்குச் சரியான திட்டு. மறைப்பது இந்தக் குடும்பத்துக்கே வியாதியா, அல்லது என்னிடமிருந்து எல்லோருக்கும் தொற்றியதா?

ஃபோன் என்னிடம் வரும் என்று சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

ஜூன் 28, சனி

ஆறு நாளாக வீட்டுக்குள் ஒன்றுமில்லை. அந்தத் தைரியத்தில் உருண்டையைக் கடைக்குள் இறக்கிவிட்டேன். ஒரு கான்ட்ராக்டர் நாற்பது வீட்டுக்கு பாத்ரூம் சாமான் பார்க்க வந்திருந்தார். ஷோரூமில் இருப்பதிலேயே விலை கூடிய கமோடைக் காட்டி அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பார்வை கீழே போனது.

உருண்டை அந்தக் கமோடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, முழுசாக முடித்து, நிமிர்ந்து, என் பாக்கெட்டைப் பார்த்தான்.

அவன் தப்பா? பதினாறு நாளாக நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? கமோடு இருக்கும் இடத்தில் போ. போனான். அவன் கண்ணுக்கு என் ஷோரூம் முழுக்கக் கக்கூஸ்தான். நிஜமும் அதுதானே.

கத்தல் தொண்டை வரை வந்தது. இதே இடம், இதே மேஜை. விழுங்கினேன். அவனை மெதுவாகத் தூக்கிக் கொல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, துணி எடுத்துவந்து துடைத்தேன்.

கான்ட்ராக்டர், "உங்க ஆளுக்கு மாடல் பிடிச்சிருக்கு போல. அதையே போடுங்க" என்றார். ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதற்காக நான் கத்தாமல் இருக்கவில்லை. எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 1

இனி கொல்லையும் கமோடும் வேண்டாம். இன்று தெருக்கோடியில் மரத்தடி மண், நாளை மைதானத்துப் புல். இடத்தை மாற்றி மாற்றி, முதலிலிருந்து. மகள் வர ஒரு வாரம்கூட இல்லை.

ஜூலை 3

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவனாகக் கதவருகே போய், திரும்பி என்னைப் பார்த்து, முனகினான். செருப்புகூடப் போடாமல் இறங்கினேன்.

ஜூலை 5, சனி

மகள் வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் உருண்டை பறந்து போய் அவள் கால் மேல் விழுந்து, புரண்டு, அங்கேயே, ஹால் நடுவில், ஒன்றுக்குப் போய்விட்டான்.

நான் எழுந்தேன். துணி எடுக்கத்தான். மகள் சட்டென்று அவனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள், இரண்டு கையையும் விரித்து. முப்பத்தோரு வயசு.

அப்படியா நான் இருந்திருக்கிறேன்?

அவளைச் சுற்றிப் போய்த் துணியை எடுத்துவந்து குனிந்து துடைத்தேன். "சந்தோஷத்துல வர்றதை அவனால அடக்க முடியாது. போகப் போகச் சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்க" என்றேன்.

கையை இறக்கினாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு வார்த்தை வந்திருக்காது. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அந்தக் குழாய்ப் பெட்டி. நான் கத்துவேன்னுதானே மறைச்சே?"

"வேற எதுக்குப்பா?"

"திருட்டுத்தனம்னு சொன்னேனே. அது தப்பு. அத்தனை பேர் முன்னாடி சொன்னது அதைவிடத் தப்பு."

அவளும் கீழே உட்கார்ந்துவிட்டாள். குட்டியின் காதைத் தடவினாள்.

"நானும் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றாள்.

"சொல்லியிருந்தா?"

"கத்தியிருப்பீங்க."

"கத்தியிருப்பேன்."

சமையலறையிலிருந்து மனைவி, "ரெண்டு பேரும் துடைச்சது போதும், தரை தேஞ்சிடப் போகுது" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

புது வீட்டுக்கு மூன்று பேரும் உருண்டையும் போனோம். வீட்டுக்காரம்மா ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ், பார்வையிலேயே தெரிந்தது. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, குட்டிக்கும் ஒரு கிண்ணம் நிறைய வைத்தார். வேண்டுமென்றே வைத்ததுதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் அத்தனையும் குடித்தான். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் அசையவில்லை.

இருபத்தைந்து நிமிஷம். அறை முழுக்க மோந்து பார்த்தான். சோபாவுக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தான். கதவருகே போய் உட்கார்ந்து, முனகினான்.

தெருவில், முன்பின் தெரியாத ஒரு மரத்தடியில், போனான். நான் மண்டியிட்டு, "என் ராஜா, என் சமத்து" என்று அவன் தலையைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"எனக்கெல்லாம் இப்படி ஒண்ணும் கிடைச்சதே இல்லையே."

"புது மெஷின் கத்துக்கிட்டு வந்திருக்கியே. அதுல நீதான் முதல் ஆளாம், அம்மா சொன்னா. கெட்டிக்காரி" என்றேன். நடுத்தெருவில், முழங்கால் மண்ணோடு. வேறு எப்போது சொல்வது?

சாவி கிடைத்துவிட்டது. வண்டியில் திரும்பும்போது அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். டூட்டி காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை. அவ்வளவு நேரம் பூட்டிய வீட்டில் குட்டி எப்படி அடக்கும்? "நான் ஒரு விஷயம் கேக்கணும்ப்பா" என்றாள். நான் அதற்கு முன்பே தயாராக இருந்தேன், ஆனால் முந்திக்கொள்ளவில்லை, அவளே கேட்கட்டும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசி முடித்தோம். வேலை நாட்களில் காலை ஆறரைக்கு அவனைக் கொண்டுவந்து என்னிடம் விடுவது. மாலை வந்து, இங்கேயே சாப்பிட்டுவிட்டு, கூட்டிப்போவது. சாப்பாடு என் செலவு, ஊசி மருந்து அவள் செலவு. நான் யாரிடமாவது கத்தினால் இரண்டு நாள் வரமாட்டார்கள், இரண்டு பேரும். இந்தக் கடைசி நிபந்தனை அவள் போட்டது, நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஞாயிறு அவளுக்கு லீவு, அவனும் அவளோடு. அதை மட்டும் விட மனசில்லாமல் முழு நாளும் கேட்டேன். முடியாது என்றாள். பேரம் அரை நாளுக்கு முடிந்தது, அவளும் கூட வருவாள்.