வசம்பு பூத்துவிட்டது, அண்ணே

அண்ணே,

இன்று காலை தொட்டியில் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். கை உரசியதும் வசம்பிலையின் அந்தக் கார வாசனை எழுந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது. இலையின் பாதி உயரத்தில், பக்கவாட்டில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பூக்கதிர். நீங்கள் சொன்ன அதே இடம்.

மண்ணுக்கடியில் மணக்கும் கிழங்கு, வாள் போன்ற இலை. ஆகவே வசம்பு இஞ்சிக் குடும்பம் என்பது என் கட்சி. ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் முப்பது ஆண்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்த நீங்கள், பூ சேம்பின் பூத்தண்டு போலிருக்கும், ஆகவே சேம்புக் குடும்பம் என்பீர்கள். ரெம்பியா ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை போடுவோம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் எல்லார் முன்னாலும், "கெழங்க மட்டும் பாத்துட்டுப் பேசாதப்பா, பூவப் பாக்கணும். அரைப் படிப்புலா உனக்கு" என்றீர்கள். கடையே சிரித்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பழைய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தவனிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அது சதுப்புநிலச் செடி. வேர் தண்ணீரில் நின்றால்தான் பூக்கும். என் பூச்சட்டியில் ஆண்டுக்கணக்கில் வெறும் இலையாகவே நின்றது. உங்கள் வீட்டுப் பின்புறக் கால்வாயோரச் சேற்றில் பூத்தது. போன் செய்தீர்கள். "வந்து பாருலா. நான் ஒண்ணும் பேசமாட்டேன்." நான் வரவில்லை. மூன்று வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமக்கிரியை முடிந்த அன்று அண்ணி ஒரு தூரை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "பூ வாடுற வரைக்கும் யாரையும் தொட விடல. தம்பி வரும் வரும்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு." அந்தத் தூர்தான் இப்போது என் தண்ணீர்த் தொட்டியில்.

கதிரைப் பார்த்ததும் புதிய புத்தகம் ஒன்றைத் திறந்து சரிபார்த்துவிட்டு, கடைக்குப் போனேன்.

"வசம்பு இஞ்சி இல்ல. அண்ணன் சொன்னதுதான் சரி. நான்தான் பூவப் பாக்காமலே பேசிட்டேன்."

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "ஒடம்பு ஏதும் சரியில்லையா அங்கிள்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சேம்போடு சேர்த்தது பழைய வகைப்பாடு அண்ணே. இப்போது வசம்பை அங்கிருந்தும் பிரித்துத் தனிக் குடும்பமாக வைத்துவிட்டார்கள். இஞ்சியும் இல்லை, சேம்பும் இல்லை. கடையில் அது என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன்.