உன் சோளத்தை உழவிடவில்லை, அக்கா

என் அருமை மங்கா அக்காவுக்கு,

உன் சோளம் பிழைத்துவிட்டது. மற்றதை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைக் கேள்.

முழங்கால் உயரப் பயிரை விட்டுவிட்டு நீ காய்ச்சலில் போனாய். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற நம் பெண்களில், பக்கத்து ஊர் திருப்பாலைவனத்தில் அரை ஏக்கர் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டவள் நீ ஒருத்திதான். "சேத்துல கை வுட்றவளுக்கு சோளம் கேக்குதா?" என்று ஊரே சிரித்தது. நீ காதில் வாங்கவே இல்லை. நான்தான் ரெண்டு பேரோடு சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கா?

உன் காரியம் முடிந்த கையோடு கொல்லைக்குப் போனேன். இலையெல்லாம் சல்லடை. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம். படைப்புழு என்றார் வேளாண்மை ஆபீசர். வெளிநாட்டிலிருந்து வந்ததாம், எத்தனையோ ஊர்ச் சோளத்தைத் தின்று தீர்த்திருக்கிறதாம். மருந்து அடித்தோம். குருத்துக்குள் ஆழமாகப் பதுங்கியிருந்த புழுவை அது தொடவில்லை.

நிலத்துக்காரர் வந்து பார்த்தார். "உழுது போட்டுடலாம்மா. பக்கத்துக் கொல்லைக்கும் பரவிடும். அவளும் இல்ல, நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றார். கெட்டவர் இல்லை அக்கா அவர். ஆனால் அந்த "அவளும் இல்ல" என்னைச் சுட்டுவிட்டது. "பத்து நாள் குடுங்க நைனா" என்று கேட்டேன். எந்த தைரியத்தில் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் விடியற்காலையில், ஏரிக்குப் போக வேண்டிய எட்டுப் பேர் இறால் போடும் பறிக் கூடையோடு கொல்லையில் நின்றோம். ஏரியில் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு ரெண்டு கையாலும் தடவுவோமே, புழு போடும் பறியைக் கவ்வ யாருக்கும் மனசு வரவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டோம். முனியம்மா அத்தை மட்டும் வாய் ஓயாமல் பேசினாள்: "டச்சுக்காரனே நம்ம ஊர்ல கோட்டை கட்டிக் குந்திகினு இருந்துட்டு, பொட்டியக் கட்டிகினு போய்ட்டான். இந்தப் புழு போவாதா?" சிரித்துக்கொண்டே குருத்துக்குள் விரலை விட்டோம். கலங்கல் தண்ணீரில் கண்ணால் பார்க்காமலே தேடிப் பழகிய விரல் ஆச்சே, புழு எங்கே ஒளியும்? பறி நிறைந்தது.

ஐந்தாம் நாள் பார்த்தால் மறுபடியும் அதே புழு, அதே ஓட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அலசிப் பார்த்த செடியில் எப்படி? அப்புறம்தான் அத்தையின் கையைக் கவனித்தேன். பெரிய புழுவைப் பறியில் போட்டாள். பொடிப் புழு விரலில் பட்டதும் கை தானாக விட்டுவிட்டது. என் கையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது! குஞ்சு இறால் வளரட்டும் என்று ஏரியில் விட்டுவிட்டுப் பழகிய கை, சோளக்கொல்லையில் புழுவை வளர்த்திருக்கிறது. "அய்யய்யோ, நாமளே தொட்டில் கட்டி வளத்துகினு கீறோமேடி!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். இல்லை, முதல் நாளே கண்டுபிடித்திருப்பாயோ?

அதற்குப் பிறகு பொடியையும் விடவில்லை, இலையில் ஒட்டியிருந்த முட்டையையும் விடவில்லை. ஓரத்து நாலு வரிசை போச்சு, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மீதி எல்லாம் புதுக் குருத்து விட்டது. பத்தாம் நாள் நிலத்துக்காரர் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தார். மறுவாரம் தன் தம்பி கொல்லைக்கும் எங்களைக் கூப்பிட்டார்.

முதல் கதிர்களை டச்சுக் கல்லறை வாசலில் சுட்டு விற்றேன். சுற்றிப் பார்க்க வந்த ஒருவர், "எந்த ஊர் சோளம்மா இது?" என்று கேட்டார். "எங்க அக்கா போட்டது சார்" என்றேன். ஊரைக் கேட்டதற்கு உன்னைச் சொல்லியிருக்கிறேன் பார். எனக்கு அவ்வளவு பெருமை.

நேற்று அடுத்த போகத்துக்குப் பேசப் போயிருந்தேன். உழ வரும் டிராக்டர் டிரைவர் ஊருக்குப் புதுசு. வழி கேட்டு நிலத்துக்காரருக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "எந்தக் கொல்லையா? மங்கா கொல்லைடா. யாரக் கேட்டாலும் காட்டுவாங்க" என்றார்.

சொந்தமாக ஒரு அடி மண் இல்லாத உன் பேரில் திருப்பாலைவனத்தில் ஒரு கொல்லை இருக்கிறது அக்கா. என் கை ஓடுகிற வரைக்கும் அதைத் தரிசாகப் போட மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
சரோஜா