கேட்டு வாங்காத கையொப்பம்

ஹென்டர்சன்,
ஒக்லாந்து.

மகள் சுதர்ஷிகாவுக்கு,

மடுமாதாவின் இரக்கத்தால் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் லண்டனில் இருந்துகொண்டு பெற்ற தாயைப் பேப்பரில் இழுத்து எழுதத் தெம்பு வருமா. உன்னுடைய பத்தியை எங்கள் கோயிலுக்கு வருகிற நிலானி போன ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். என் மகள் பெரிய பேப்பரில் கிழமைக்குக் கிழமை எழுதுகிறாள் என்று நான் பெருமையடித்துத் திரிந்த அதே ஆட்கள். பேர்போன பத்தி எழுத்தாளர்களிடம் கையொப்பம் கெஞ்சி வாங்கி ஆல்பத்தில் ஒட்டுகிற அம்மா என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

நான் யாரிடம் கெஞ்சினேன்? ஈஸ்ட் டாமாக்கிப் பண்டசாலையில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பத்தி எழுத்தாளர்கள் பிழையாக எழுதினால் பிழை என்று அவர்களுக்கே கடிதம் எழுதினவள் நான். அகதிகள் வரிசையில் நிற்காமல் வருகிறார்கள் என்று எழுதினவரிடம், நாங்கள் மன்னார்க் கரையில் வள்ளம் ஏறினபோது அந்த வரிசை எங்கே இருந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்று அவர் தன் கைப்பட எழுதிக் கையொப்பம் போட்டு அனுப்பினார். அப்படித் தாமாக வந்த பதில்கள்தான் ஆல்பத்தில் இருக்கின்றன. ஒட்டுவதும் இல்லை, பசை பட்டால் தாள் பழுதாகும் என்று உறைக்குள் வைக்கிறேன். எல்லாம் உனக்குத் தெரியும். முத்திரை ஒட்டி, தபால்பெட்டியில் போட ஓடினது நீதானே. நீ சிரித்ததை நான் பொறுப்பேன், தெரிந்துகொண்டு பொய் எழுதினதைப் பொறுக்க மாட்டேன்.

அப்பாவுக்குச் சீனி கூடியிருக்கிறது, ஆனாலும் கேக்கை விடுகிறார் இல்லை. தம்பி றொய்ஸ்டன் வாடகை கட்ட முடியாமல் வீடு மாறுகிறான். அங்கே குளிர் தொடங்க முன் நல்ல சப்பாத்து வாங்கு, நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் சாப்பிடு.

ஆண்டவர் உன்னையும் உன் பேனாவையும் காக்கட்டும். போனில் மன்னிப்புக் கேட்காதே, எடுக்க மாட்டேன். வாட்ஸப்பில் அழுகிற முகமும் அனுப்பாதே. இதுவும் பத்தி எழுதுகிற ஒருத்திக்கு அவள் பிழையைச் சொல்லி நான் எழுதுகிற கடிதம்தான். பதில் எழுது என்று கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினதை நான் ஆல்பத்தில் வைக்கிறதில்லை.

இப்படிக்கு,
அம்மா
டோறின் வின்சென்ற்