கஸ்தூரிக்கு மட்டும் சர்க்கரை எப்படிக் குறைந்தது?

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுளீர். சுகர் ரிசல்ட் வந்தது. எனக்கு ஏறியிருக்கிறது. என் மனைவி கஸ்தூரிக்கு இறங்கியிருக்கிறது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே மாத்திரை. தினமும் கோட்டை ரோட்டில் நாற்பது நிமிடம் நடப்பவன் நான். அவள் வாசலைத் தாண்டுவதில்லை. டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் அரைப் பட்டினி வேறு கிடந்தேன்.

டாக்டர்: "இது மூணு மாசக் கணக்கு சார். ரெண்டு நாள் பட்டினி எடுபடாது. அடுத்த தடவையும் இப்படின்னா இன்சுலின் ஊசிதான்."

ஊசி என்றால் எனக்குப் பயம்தான். இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்.

லேபில் இரண்டு பேர் ரத்தத்தையும் மாற்றிவிட்டார்கள். வேறெப்படியும் இருக்க முடியாது.

மார்ச் 5, புதன்

நடை. முடிந்ததும் டீ, இரண்டு வடை. நடந்ததற்கு அது சரியாகப் போய்விடும்.

லேபில் கேட்டேன். அந்தப் பெண் முறைத்தாள். "பேர் ஒட்டித்தான் சார் வச்சிருக்கோம்."

முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காதவன் முகம் எனக்குத் தெரியும். கஸ்தூரிக்கு இப்போது அந்த முகம். அவலூர்பேட்டையில் இருக்கும் அவள் தங்கச்சி ஏதோ சூரணம் கொடுத்திருப்பாள். பிரிட்ஜ், அரிசி டின், பீரோ எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை.

வாங்க வேண்டியது: சோப்பு, மிளகாய்த்தூள், பல்பு 1.

மார்ச் 7, வெள்ளி

பாதி நடையில் திரும்பி, பின்பக்கமாக வந்து சமையலறை ஜன்னலில் பார்த்தேன். அடுப்பில் குக்கர். கஸ்தூரி இரண்டு எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பித் தோள்வரை தூக்கி இறக்குகிறாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இருபது. முகமெல்லாம் வேர்வை.

"இன்னாடி இது?"

"ஆஸ்பத்திரி நர்சு சொல்லிச்சு. சதை வலுவானா சக்கரைய அதுவே இழுத்துக்குமாம். நாலு மாசமா செய்றேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க."

சிரித்திருப்பேன். இருந்தாலும் விடவில்லை. "அதுக்குன்னு இவ்ளோ வெயிட்டா?"

முந்தானையால் முகம் துடைத்தாள். "போன மாசம் பாத்ரூம்ல உக்காந்துட்டு எழுந்துக்க முடியாம கத்துனீங்களே. பக்கத்து வீட்டு ஆள கூப்ட்டுதான் தூக்கினேன். இனிமே நானே தூக்கிடுவேன்."

அன்றைக்கு நடந்ததை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. இன்று அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மார்ச் 8, சனி

கொஞ்சம் மேகம். நடந்துவிட்டு வந்து, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து பார்த்தேன். மூன்று முறை. நாலாவதில் தொடை நடுங்கியது. கஸ்தூரி இரண்டு கையையும் நீட்டியபடி பக்கத்தில் நின்றாள்.

"தள்ளிப் போடி, விழ மாட்டேன்."

போகவில்லை.