பதிவில் இல்லாத மூன்று கிலோமீட்டர்

அண்ணா,

நேற்றுக் காலை பையைத் திறந்ததும் சைக்கிள் டியூப் வாடை குப்பென்று அடித்தது. ஒரு வருடத்துக்கு மேலாக ஆபீஸ் பரணில் கிடந்த பை. உள்ளே நீங்கள் அறுத்துக் கொண்டுவந்த பலகை, அதில் நான்கு போன்களை வரிசையாக வைத்துக் கட்டுவதற்காகப் பழைய டியூபில் நீங்களே வெட்டிய பட்டைகள். நம் ஆபீசில் கொடுத்த ஸ்டாண்டு கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் கழன்று விழுந்துவிடும். உங்கள் பட்டை மலை ஏறி இறங்கினாலும் அசையாது. புது டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, பூரி தேய்க்கிற பலகையா மேடம் என்று கேட்டார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கே கிளம்பினோம் என்று தெரிந்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்காது. அதே ரூட். கோமுகி அணை, கரியாலூர், வெள்ளிமலை, அதையும் தாண்டி உங்கள் மகள் சுமதி இருக்கும் ஊர். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நாலு முறை எழுந்துவிட்டேன். போனை எடுக்கிறேன், பார்க்கிறேன், வைக்கிறேன். ஒரு மெயிலுக்குப் பதில் வர வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் இன்றைக்கும் எதையாவது விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நாம் செய்த வேலையை யாருக்காவது விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டவர் கட்டுகிறவர்கள் வேறு, சிம் விற்கிறவர்கள் வேறு. சிக்னல் எதுவரை எட்டுகிறது என்று சாலை சாலையாக ஓட்டி அளப்பது நம் வேலை. முன் சீட்டில் நீங்கள், பின் சீட்டில் பலகையில் கட்டிய நான்கு போன்களோடும் மடியில் லேப்டாப்போடும் நான். வண்டி போகப் போக ஸ்கிரீனில் இருக்கும் சாலை மேல் புள்ளிகள் விழுந்துகொண்டே வரும். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. நீங்கள் திரும்பிப் பார்க்க முடியாது. வேகம் கூடிக் குறைந்தால் நான் கத்துவேன். அதனால் ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்பீர்கள்: "இன்னா கலரும்மா?"

பச்சை என்றால் ஸ்டியரிங்கில் இரண்டு தட்டு. சிவப்பு என்றால் அந்த ஊர்க்காரர் எல்லாரும் உங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி ஒரு பெருமூச்சு. மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஒரு மதியம் முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தபோதும் அந்தக் கேள்வியை விடவில்லை. யாருக்கோ வருகிற சிக்னலுக்கு உங்களுக்கு என்ன அண்ணா இத்தனை சந்தோஷம் என்று ஒருமுறை எரிச்சலாகக் கேட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மணலூர்பேட்டையில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்கள்.

பிறகு மலையில் புது டவர் வந்தது. ரூட் பட்டியலைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. அந்தப் பட்டியலின் கடைசியில் சுமதியின் ஊர் இருந்தது. மருமகனுக்கு அங்கே பள்ளி விடுதியில் சமையல் வேலை. கல்யாணமாகிப் போனதிலிருந்து மகள் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அவள் சிக்னல் கிடைக்கிற பாறை வளைவு வரைக்கும் நடந்து வந்து கூப்பிட்டால்தான் உண்டு. இனிமேல் வூட்டுக்குள்ள உக்காந்துகினே பேசும் என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் துடைத்தீர்கள்.

ரூட்டின் அந்தக் கடைசித் துண்டுதான் என் கழுத்தைப் பிடித்தது. பெரிய பாறை வளைவைத் தாண்டியதும் மலை குறுக்கே வந்துவிடுகிறது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், உங்கள் மகள் ஊரையும் தாண்டி, ஒரே சிவப்பு. மேப்பை அனுப்பினேன். மேனேஜர் மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. மேப் பச்சையாக இருந்தால்தான் போன் கம்பெனிக்காரர்கள் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள், எப்படியாவது முடித்துக்கொண்டு வா என்றார். மறுபடி ஓட்டினால் மலை நகர்ந்து வழிவிடுமா? அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது நாள் அது நடந்தது. பதிவை நிறுத்தி வைக்க ஒரு பட்டன் உண்டு. டீ குடிக்க நின்றால், டயர் பஞ்சரானால் அழுத்துவதற்கு வைத்தது. வளைவு வந்ததும் அதை அழுத்தினேன். மூன்று கிலோமீட்டர் கழித்துச் சாலை மேடேறியதும் மறுபடி ஓடவிட்டேன். மேப்பில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் புள்ளிகளின் அளவைப் பெரிதாக்கினால், இந்தப் பக்கத்துப் பச்சையும் அந்தப் பக்கத்துப் பச்சையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லாதது தெரியாது. அப்படித்தான் பெரிதாக்கி அனுப்பினேன். எங்கள் தொழிலில் ரொம்பப் பேர் செய்வதுதான். இதை எழுதும்போதும் அந்தச் சாக்கு முதலில் வந்து நிற்கிறது பாருங்கள்.

அந்த மூன்று கிலோமீட்டருக்கு நடுவில்தான் நீங்கள் மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள். சுமதி டீ கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"நம்ம பொண்ணு வூட்டாண்ட இன்னா கலரும்மா?"

லேப்டாப் என் மடியில் திறந்தபடி இருந்தது. பதிவு ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமதி வேறு உங்கள் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சைதாண்ணா. டவர் இன்னும் முழுசா ஓடல. கொஞ்ச நாள்ல நல்லா வந்துடும்."

ஸ்டியரிங் இல்லாததால் வீட்டுக் கதவில் இரண்டு தட்டு தட்டினீர்கள். நான் லேப்டாப்பை மூடினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் என் ஒரு சொல்லின் வேலை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் மகளுக்கு ஒரு டச் போன் வாங்கினீர்கள். மகள் வீட்டில் அதில் சிக்னல் எடுக்கவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டீர்கள். அவர் வேறு சிம் போட்டுக் கொடுத்தார். அப்போதும் எடுக்கவில்லை. போன்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் சொன்னது தப்பாக இருக்கும் என்ற எண்ணம் உங்களுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் தியாகதுருகம் போகும் வழியில் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தீர்கள். நான் என்ன செய்தேன்? வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக, மறுநாள் என் பழைய போனை எடுத்துவந்து கொடுத்தேன். என்னுடைய பெயர்கள், படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இதில் நன்றாக எடுக்கும் அண்ணா என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது பொய். நீங்கள் அதை உங்கள் துண்டில் சுற்றி எடுத்துப் போனீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுக்கத்தான் மலைக்குப் போனீர்கள். நான் உளுந்தூர்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். அன்று முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதுவும் எடுக்கவில்லை என்று நீங்கள் கூப்பிட்டால் அடுத்து என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்து வைத்திருந்தேன். உங்களிடமிருந்து போன் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக என்னை நானே எத்தனை திட்டினாலும் தீரவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. மருமகன் ஆம்புலன்சைக் கூப்பிட, கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளைவு வரைக்கும் பைக்கில் வந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது. கச்சிராயபாளையம் வருவதற்குள் நீங்கள் இல்லை. முன்னாலேயே கூப்பிட முடிந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டரே தெரியாது என்றுதான் சொன்னாராம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மலை மேல் இருந்ததற்குக் காரணம் என் போன். இதற்கு எந்த டாக்டரும் தேவையில்லை. சாவு வீட்டில் மாலையை வைத்துவிட்டு, சுமதியின் கண்ணில் படாமல் வெளியே வந்துவிட்டேன்.

போன வாரம் மேனேஜர் ஒரு மனுவின் நகலைக் காட்டினார். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மலைக்காரர்கள் கொடுத்தது. எங்கள் ஊருக்கு சிக்னல் இல்லை, இன்னொரு டவர் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதல் கையெழுத்து சுமதி. போன் கம்பெனி நம் ஆபீசிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. மேனேஜர் சொன்னார், பழைய மேப்பை அனுப்பிவிடு, அங்கேதான் பச்சையாக இருக்கிறதே, வேலை முடிந்தது. அந்த மேப் போனால் மனுவும் முடிந்தது. அங்கே இனி யாரும் டவர் வைக்கப்போவதில்லை. ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நேற்று வளைவு வந்ததும் என் கை தானாகப் பட்டனுக்குப் போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சிவப்பு விழ ஆரம்பித்தது. ஒன்றன் பின் ஒன்றாக, விடாமல், ஊர் வரைக்கும். புது டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்குப் பொறுக்கவில்லை.

சுமதி வாசலில் மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டன், பெரிய புள்ளிகள், பச்சை, பழைய போன். அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. இரண்டு கிழங்கு உரித்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"நானு அப்பவே சொன்னங்க்கா. இங்க ஒன்னியும் வராதுப்பா, அந்த மேடம் சும்மா சொல்லிக்கீதுன்னு. அதுக்கு என்னை அப்பிடித் திட்னாரு. ஒரு மாசம் எங்கூடப் பேசவே இல்ல. அன்னிக்கித்தான் பேசலாம்னு வந்தாரு."

இது எனக்குத் தெரியாது அண்ணா. வண்டியில் எனக்கு முன் சீட்டிலேயே அந்த மாதம் முழுக்க இருந்தீர்கள். மகளோடு பேச்சில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்காக நீங்கள் மகளோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்தாள். உள்ளே போய் என் பழைய போனை எடுத்துவந்து நீட்டினாள்.

"இது உங்களுதுதான. டார்ச்சுக்கு வெச்சினு இருந்தேன். எடுத்துக்கினு போங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வாங்கிக்கொண்டேன். வண்டியில் ஏறியதும் அதைத் திறந்து பார்த்தேன். நான் காலியாக்கிக் கொடுத்த போன். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது: சிக்னல் மேடம். நீங்கள் சொல்லி மருமகன் எழுதியிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பெயருக்குப் பதினோரு முறை போன் போட்டிருக்கிறீர்கள். ஒன்றுகூட மலையை விட்டு வெளியே வரவில்லை. திண்டாடித் திண்டாடி வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் நின்று போட்டீர்களோ. நான் உளுந்தூர்பேட்டையில் அப்பாடா என்று உட்கார்ந்திருந்த அதே நேரம்.

வளைவைத் தாண்டி சிக்னல் வந்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். புது மேப்பை, புள்ளி அளவை மாற்றாமல், மேனேஜருக்கும் கம்பெனி அதிகாரிக்கும் சேர்த்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: பழைய மேப்பில் இந்த மூன்று கிலோமீட்டரில் பதிவை நிறுத்தியது நான்தான். அனுப்பு என்பதை அழுத்திவிட்டு, முன் சீட்டின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார், உடம்பு சரியில்லையா மேடம் என்றார்.

இன்று முழுக்கப் பதில் இல்லை. மேனேஜரும் கூப்பிடவில்லை. வேலை போகலாம். இந்தத் தொழிலிலேயே இனி யாரும் என்னைச் சேர்க்காமல் போகலாம். நேற்றுக் கிளம்பும்போது டவர் வருமா என்று சுமதி கேட்டாள், தெரியாது என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான். உட்கார முடியவில்லை, நடக்கிறேன், மறுபடி போனைப் பார்க்கிறேன். மெயிலுக்கு அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பதில் போடட்டும். நான் பதில் சொல்லாமல் வைத்திருப்பது உங்கள் பதினோரு அழைப்புக்கு. நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சிவப்பு அண்ணா. உங்கள் பொண்ணு வீட்டில் சிக்னல் இல்லை. அன்றைக்கும் இல்லை. டீ டம்ளரோடு நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும்.