துண்டுக் கம்பி

என் வீட்டு மேலதிகாரியான மகளுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இந்த வாரம் இடது கைக்கு வேலை கொடுத்திருக்கிறேன்.

குளியலறையில் துண்டு போடும் கம்பி பெயர்ந்து வந்துவிட்டது. நாற்பது வருடம் பிளம்பர் வேலை பார்த்த நானே மாட்டியதுதான். ஆனால் துண்டைத் தாங்கத்தான் மாட்டினேன், என்னைத் தாங்க அல்ல. பக்கத்து வீட்டு நர்ஸ், "நல்லவேளை சார், மணிக்கட்டோட போச்சு, இடுப்பு தப்பிச்சுது" என்றாள். அவள் எதையும் பெரிதாக்குவாள்.

போன தடவை நீ வாங்கிவந்த கைப்பிடியை, "நான் என்ன கிழவனா?" என்று பரணில் போட்டேனே, அதை இறக்கச் சொல்லிவிட்டேன். எங்கே வரவேண்டும் என்று சுவரில் பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டேன். என் அளவு என்றைக்குத் தப்பியது?

துளை போடத்தான் இரண்டு கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா. திட்டுவதையும் அப்போதே திட்டிக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் கிழவனாகாத உன் அப்பா