பிரேக் கால்

மார்ச் 4
முழங்காலுக்குக் கீழே மறுபடியும் கருப்புக் கட்டிகள். போன வருடம் வெட்டி எடுத்த மச்சத்தின் வாரிசுகள். தோல் புற்றுநோய் வலது காலைத் தாண்டவில்லையாம். ஆனால் வலது கால்தானே என் பிழைப்பு! டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித்தருகிறவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகி, மனைவி குரலை உயர்த்தினாலே இந்தக் கால் தரையை அழுத்துகிறது.

மார்ச் 6
தொடையை இறுக்கிக் கட்டி, காலின் ரத்தத்தை மட்டும் தனியாகச் சுற்றவிட்டு, அதில் சூடான கீமோ மருந்து கொடுப்பார்களாம். பிறகு கழுவி எடுத்துவிடுவார்களாம்.

"மருந்து கேக்கலைன்னா?" என்றேன்.

"காலை எடுக்கிறதைப் பத்திப் பேசணும்," என்றார் டாக்டர்.

மச்சினனுக்கு வேறு கவலை. "நாளைக்குக் கால் மட்டும் பட்டினி இருந்தா போதுமா மாமா, நீங்களுமா?"

மார்ச் 7
ஸ்ட்ரெச்சரை வளைவில் வேகமாகத் திருப்பினார்கள். படுத்தபடியே பிரேக் போட்டேன். தள்ளியவர் சிரித்துவிட்டார்.

மார்ச் 8
மாமியார் போனில்: "கால் தூங்குச்சா?" நான் தூங்கினேனா என்று கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கால்மாட்டில் நின்றே பேசுகிறார்கள். மச்சினன் பழங்களையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 10
கால் சிவந்து வீங்கிக் கிடக்கிறது. நர்ஸ் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார். அழுத்தப் பார்த்தேன். அசையவில்லை. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 17
மனைவி கார் ஓட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் கற்றவள். "உங்ககிட்ட கத்துக்கிட்டா குடும்பம் நடத்த முடியாது" என்று அப்போதே சொல்லிவிட்டாள். வழியில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினாள். என் கால் சும்மா கிடந்தது. இருவரும் அதைக் கவனித்தோம்.

ஏப்ரல் 2
டிரைவிங் ஸ்கூலுக்கு வேறு ஆள் வந்திருக்கிறாராம். ஊன்றுகோலை ஜன்னல் வழியாக எறியலாமா? வேண்டாம், நாளைக்கு நான்தான் போய் எடுக்க வேண்டும்.

மே 20
கட்டிகள் அமுங்கிவிட்டன. "இப்போதைக்குக் காலை எடுக்க வேண்டாம். ஆனா பாதத்துக்குப் பழைய பலம் வருமான்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் எங்களுக்கு முன்னால் நின்ற லாரி சட்டென்று ரிவர்ஸில் வந்தது. மனைவி பிரேக் போட்டாள். என் பக்கத்திலும் தரையில் ஒரு சத்தம்.

"அங்க பிரேக் இல்லீங்க," என்றாள். பிறகுதான் என் காலைப் பார்த்தாள். காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"இன்னொரு தடவை மிதிங்க."

மிதித்தேன்.